முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை: முட்டை பூசிய சுவரிலிருந்து தொடங்கலாம்

காரைக்குடிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: முதலாண்டு வகுப்பில் 60 பேர். பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். வாரத்துக்கு 2 மணி நேரம். பருவ முடிவில் ஆளுக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை கொடுக்க வேண்டும். கூகுளில் கிடைத்ததை அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். விமர்சனச் சிந்தனை என்றால் என்ன என்று விளக்கினால், அந்த விளக்கத்தையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் ஒன்று. பிள்ளைகள்மேல் கோபப்படாதீர்கள். 12 வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு மதிப்பெண் கிடைத்ததே புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடி எழுதியதற்குத்தான். சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் கழிப்பார்கள். கைடில் இருப்பதைப் பிழையில்லாமல் இறக்கி வைத்தால் முழு மார்க். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு, இணையத்திலிருந்து நல்ல பத்தியாகப் பார்த்து எடுத்து ஒட்டுவது தப்பாகவே தெரியாது. சொன்ன வேலையைச் சரியாகச் செய்ததாகத்தான் நினைக்கும். ஆகவே முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: இங்கே விதி வேறு, உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பதற்குத்தான் இங்கே மதிப்பெண்.

வரையறையில் ஆரம்பிக்க வேண்டாம். கல்வியாளர் ப்ளூம் 1956-இல் வகுத்த கற்றல் படிநிலைகளை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் அந்தப் பிரமிடு படத்தைத் திரையில் போட்டால் அதையும் நோட்டில் வரைந்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டு வந்த, சந்தேகமே படாத ஒரு கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. நான் எப்போதும் எடுப்பது இது: 'செட்டிநாட்டு வீட்டுச் சுவர்கள் முட்டை வெள்ளைக்கருவால் பூசப்பட்டவை.'

கரும்பலகையில் எழுதிவிட்டு, எப்படித் தெரியும் என்று கேளுங்கள். மூன்று விதமான பதில் வரும். 'எல்லாரும் சொல்வாங்க.' 'யூடியூப்ல பார்த்தேன்.' கடைசியாக, தயங்கித் தயங்கி ஒரு பிள்ளை சொல்லும்: 'எங்க தாத்தா கொத்தனார், அவர் சொன்னார்.' மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். எது சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். தாத்தாவைத்தான் காட்டுவார்கள். சரி, தாத்தாவுக்கு என்ன வயது? 75. அப்படியானால் 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர். பெரிய வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டப்பட்டவை. 1910-இல் கட்டின வீட்டுக்கு அவர் பூச்சு வேலை பார்த்திருக்க முடியுமா? முடியாது. பழுது பார்த்திருக்கலாம். வேலை பழக்கிய மேஸ்திரி சொல்லக் கேட்டிருக்கலாம். தாத்தா சொன்னது பொய்யாகிவிடாது. அது கண்ணால் கண்ட சாட்சியா, காதால் கேட்ட சாட்சியா என்பதுதான் இப்போது பிரிந்து தெரிகிறது. இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள், அவர்களையே போட விடுங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காருவதை அந்த இடத்தில் பார்ப்பீர்கள்.

அடுத்து, கூற்றையே பிரித்துப் போடச் சொல்லுங்கள். சுவர் முழுக்கவா, கடைசி மெருகுப் பூச்சு மட்டுமா? எல்லா வீட்டிலுமா, ஒரு சில வீட்டிலா? இதற்குச் சான்று என்று எதை ஏற்றுக்கொள்வோம்? வீடு கட்டின கணக்கு ஏடு கிடைத்தால் அதில் சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய் வாங்கிய வரிகளோடு முட்டை வாங்கிய வரி இருக்கிறதா என்று பார்க்கலாம். உதிர்ந்த பூச்சில் புரதம் இருக்கிறதா என்று வேதியியல் துறையில் கேட்கலாம். மதராஸ் சுண்ணாம்புப் பூச்சைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் முட்டை வெள்ளைக்கரு வருகிறது. ஆனால் மதராஸில் செய்ததைச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலும் செய்தார்கள் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியுமா? இரண்டு வாரம் இப்படிப் போனால் ஒரு பிள்ளை இந்த மாதிரி எழுதி வரும்: 'மெருகுப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கும் வழக்கம் தென்னிந்தியாவில் இருந்ததற்கு எழுத்துச் சான்று உண்டு. எங்கள் ஊர் வீடுகளைப் பொறுத்தவரை எனக்குக் கிடைத்தவை வாய்மொழிச் சான்றுகள் மட்டுமே.' 18 வயதுப் பிள்ளை இந்த இரண்டு வாக்கியத்தை எழுதினால் எனக்கு அந்தப் பருவமே நிறைந்துபோகும். எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கே சொல்வது என்ற பழக்கம் அதில் இருக்கிறது. நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில் முக்கால்வாசி அதுதான்.

இதைப் பழகினபின், கூற்றுகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்று காட்டலாம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார் என்பது ஒரு கூற்று. அன்றைய செய்தித்தாளையோ நிறுவனத்தின் ஆவணத்தையோ பார்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். முட்டைப் பூச்சு ஒரு நாளில் முடியாது, ஆனால் உழைத்தால் கொஞ்சமாவது நெருங்கலாம். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் என்பது மூன்றாவது வகை. அது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள் இருப்பதும், குடும்பங்கள் இன்றைக்கும் இன்ன கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வதும் கண்ணெதிரே இருக்கும் உண்மை. அதற்கு முந்தைய குடிபெயர்வுக்கு அதே உறுதி இல்லை. இங்கே கவனமாக நடக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் வீட்டு நம்பிக்கை அது. நிஜமா பொய்யா என்று மோதவிடாமல், முதலில் எப்போது எழுத்தில் வந்தது, யார் யாருக்காகச் சொன்னது என்று கேட்கப் பழக்குங்கள். யாரும் புண்படாமல் கேள்வி மட்டும் ஆழமாகப் போகும்.

இணையத் தேடலைப் பற்றித் தனியாக ஒரு வகுப்பு எடுங்கள். செட்டிநாட்டில் எத்தனை ஊர் என்று தேடச் சொன்னாலே போதும். 96 என்று ஒன்று வரும். 78, 76, 75, 73 என்றும் வரும். எந்த எண் சரி என்று சண்டை போடுவதற்கு முன்னால், எந்தக் காலத்துக்கு, எதை ஊர் என்று எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். தொடக்கத்தில் இருந்ததாகச் சொல்லும் எண்ணும் இன்று இருக்கும் எண்ணும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கின்றன. அதோடு இன்னொன்றையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்: விடுதிகளும் சுற்றுலா நிறுவனங்களும் வைத்திருக்கும் பக்கங்களில் ஒரே வாக்கியம் எழுத்து மாறாமல் திரும்பத் திரும்ப வரும். பத்துப் பக்கத்தில் இருப்பதால் அது பத்துச் சான்று ஆகிவிடாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு உதவும். 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேர், 25 மாணவர்கள் என்று மூன்று தரப்பிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். பேராசிரியர்கள் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே மேலும் கீழுமாகப் படித்து, அழகான வடிவமைப்பிலும் நிறுவனத்தின் பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் கொஞ்சம் பார்த்தவுடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களைத் திறந்தார்கள். சீக்கிரமாகவும் முடித்தார்கள், சரியாகவும் முடித்தார்கள். படித்தவர்களே தடுமாறினார்கள் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு வரும். இதைச் செய்ய கையில் ஒரு போன் இருந்தால் போதும்.

இணையத்திலேயே நல்ல இடங்களையும் காட்டுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாகத் தரும் மதுரைத் திட்டம், முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. ரோஜா முத்தையா நூலகத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும், 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. கோட்டையூர் பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

இப்போது தலைப்பு. 'செட்டிநாட்டுப் பண்பாடு' என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு யாராலும் ஆய்வு செய்ய முடியாது; பக்கத்தை நிரப்ப மட்டும்தான் முடியும். கேள்விக்குறியில் முடியாத எந்தத் தலைப்பையும் நான் ஏற்பதில்லை. கேள்வியைச் சிறிதாக்கும் வேலைக்கே மூன்று வாரம் ஒதுக்குங்கள். வீண் என்று தோன்றும், ஆனால் கட்டுரையின் தலையெழுத்தே அங்கேதான் முடிவாகிறது.

ஒரு உதாரணம். பாதிப் பிள்ளைகள் பர்மாவை எடுப்பார்கள். ஊரில் எல்லாரும் சொல்லும் கதை இது: பர்மாவில் சம்பாதித்தார்கள், ஜப்பான்காரன் வந்தான், எல்லாம் போய்விட்டது. இந்தக் கதையை எண்களோடு வைத்துப் பாருங்கள். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30-இல் கணித்தபடி அங்கே செட்டியார்கள் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த விளைநிலம் 1930-இல் 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். ஏழே வருஷத்தில் நான்கு மடங்கு! முதலில் பார்க்கும் பிள்ளை, 'ஆஹா, எவ்வளவு வளர்ச்சி' என்று எழுதும். இன்னொரு பிள்ளை, 'விவசாயிகளின் நிலத்தைப் பிடுங்கினார்கள்' என்று எழுதும். எண் ஒன்றுதான். நடுவில் என்ன நடந்தது? 1930-இல் உலகப் பெருமந்தம். நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் திருப்பிக் கட்ட முடியவில்லை. ஈடாக இருந்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது பணம். வந்து சேர்ந்ததோ அந்த நேரத்தில் விற்க முடியாத நிலம். இழந்தவனுக்கு அது பேரிடி. அப்படியானால் சரிவு 1942-இல் ஜப்பான் படையோடு தொடங்கியதா, 1930-இலேயே தொடங்கிவிட்டதா? இதுதான் ஆய்வுக் கேள்வி. இதற்குள்ளும் ஒரு முதலாண்டுப் பிள்ளைக்கு ஏற்றபடி இன்னும் சுருக்கலாம்: எங்கள் ஊரில் இன்ன தெருவில் உள்ள பெரிய வீடுகள் எந்தெந்த ஆண்டு கட்டப்பட்டவை, 1930-க்குப் பிறகு கட்டுமானம் குறைந்ததா? முகப்பில் ஆண்டு பொறித்த வீடுகள் இருக்கின்றன. ஒரு நோட்டோடு நடந்துபோனால் சான்று கிடைக்கும்.

களத்துக்கு அனுப்பும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். செட்டிநாடு என்றாலே பெரிய வீட்டு ஆச்சிகளிடம்தான் பேட்டி எடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவர்களிடம் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஏடு, சீர்ப் பட்டியல், பேரேடு என்று அருமையான எழுத்துச் சான்றுகள் இருக்கும், உண்மைதான். ஆனால் உங்கள் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் அந்த வீடுகளைக் கட்டியவர்கள், கல் சுமந்தவர்கள், சமையல் செய்தவர்கள், டைல்ஸ் பட்டறையில் நின்றவர்கள். அவர்கள் சொல்வதும் அதே எடையுள்ள சான்று, பல இடங்களில் வேறு எங்குமே கிடைக்காத சான்று. இதை நீங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் அந்தப் பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்பார்கள். கேட்கும்போது அனுமதி வாங்குவது, பெயர் போட வேண்டாம் என்றால் போடாமல் விடுவது, ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்பது, இந்த மூன்றையும் கட்டாயமாக்குங்கள்.

எழுத்துக்கு வருவோம். முழுக் கட்டுரையை முதலில் கேட்காதீர்கள். ஒரே ஒரு பத்தி கேளுங்கள், வாரா வாரம். தத்துவ அறிஞர் டூல்மின் 1958-இல் வாதத்தைப் பிரித்துக் காட்டிய முறையில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: நான் சொல்வது என்ன, அதற்குச் சான்று என்ன, அந்தச் சான்று இதை எப்படி நிரூபிக்கிறது. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

வழக்கமாக வரும் முதல் வரைவு இப்படி இருக்கும்: 'செட்டிநாடு உலகப் புகழ் பெற்ற பகுதியாகும். பண்டைக் காலம் தொட்டே இங்குள்ள மக்கள் கலைநயம் மிக்கவர்களாகத் திகழ்ந்து வருகின்றனர். ஆத்தங்குடி டைல்ஸ் மிகவும் சிறப்பு வாய்ந்ததாகும்.' இதைத் திருத்தாதீர்கள். பட்டறைக்கு அனுப்புங்கள். திரும்பி வந்து எழுதும்போது இப்படி ஆகும்: 'ஆத்தங்குடி டைல்ஸைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து நிறக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியில் படிந்த பக்கமே மேற்பக்கமாவதால் மெருகு வருகிறது என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். இந்த ஊர் மணல்தான் காரணம் என்றும் ஒருவர் சொன்னார். வேறு ஊர் மணலில் செய்ததோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதை முடிவு செய்ய இயலாது.' இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். விளக்கமே தேவைப்படாது.

பிழை சொல்லித்தர நமக்கு நன்னூல் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் தொகுத்துக் கொடுத்த பத்துக் குற்றங்களில் பாதி இந்தக் கட்டுரைகளுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். 'உலகப் புகழ்' என்று ஆரம்பிப்பது மிகைபடக் கூறல். ஒரே கருத்தை நான்கு பத்தியில் சுற்றுவது கூறியது கூறல். பர்மாவில் ஆரம்பித்துச் சமையலுக்குப் போவது மற்றொன்று விரித்தல். முதல் இரண்டு பக்கம் கனமாக இருந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போவது சென்று தேய்ந்து இறுதல். இந்தப் பெயர்களையே ஓரத்தில் எழுதித் திருத்துங்கள். அதே நூலில் வரும் எழுவகை மதம் இன்னும் பெரிய உதவி; மதம் என்றால் இங்கே ஒருவர் கொள்ளும் நிலைப்பாடு. உடன்படல், மறுத்தல், பிறர் மதம் மேற்கொண்டு களைதல், இருவர் மாறுகோள் ஒருதலை துணிதல். முன்னால் எழுதியவர்களோடு ஒரு ஆய்வாளன் எப்படியெல்லாம் பேசலாம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பட்டியல் நான் பார்த்ததில்லை. ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, இவர் எந்த மதத்தில் நிற்கிறார் என்று கேளுங்கள். தமிழ்வழிப் பிள்ளைகள் இங்கே முன்னால் நிற்பார்கள், அது அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

ஒட்டி எழுதுவதைப் பற்றி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஆய்வேடுகளில் மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. இதைக் கேட்ட பிள்ளைகள், 10 சதவீதம் காப்பி அடிக்கலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். சதவீதம் பேசாதீர்கள். அடுத்தவர் கருத்து என்றால் ஒரு வரியானாலும் பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துப் பெயர் போடாமல் விடுவதும் திருட்டுதான். மென்பொருளில் சிக்காது என்பதால் நிறைய நடக்கிறது. படித்ததை மூடி வைத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் தோழிக்குச் சொல்வதுபோல எழுதச் சொல்லுங்கள். பிறகு திறந்து சரிபார்க்கலாம். இந்தப் பழக்கம் வந்தால் பாதித் தொல்லை போய்விடும்.

சாட்ஜிபிடியைத் தடை செய்து பயனில்லை. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அது கொடுத்த தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். அப்படி வழக்குகளே நடந்திருக்கவில்லை. 5,000 டாலர் அபராதம். இதைச் சொல்லிவிட்டு, உங்கள் தலைப்புக்கு ஐந்து நூல்களை அதனிடம் கேளுங்கள், ஒவ்வொன்றும் உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் அது சொன்னபடி உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள் என்று ஒரு பயிற்சி கொடுங்கள். வாராந்திரப் பத்தியை வகுப்பிலேயே கையால் எழுத வையுங்கள்.

60 பேருக்கு எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் திருத்த வேண்டாம். ஒரு வாரம் கூற்றை மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் சான்றை மட்டும். எழுத்துப் பிழைகளைப் பக்கத்துப் பிள்ளை பார்க்கட்டும். யோசிப்பதும் குறிப்பெடுப்பதும் எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கட்டும். கட்டுரை ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று பாடத்திட்டம் கேட்டால், தமிழில் கருத்து நின்றபின் மாற்றலாம். சுருள் கம்பி போட்டு 40 பக்கம் கொண்டு வருவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு பக்கம் போதும்.

உள் மதிப்பீட்டு 25 மதிப்பெண்ணைப் பிரிக்கும்போது, கட்டுரைக்கு 10-க்கு மேல் வைக்காதீர்கள். கேள்வியைச் சுருக்கியதற்கு 5, சான்றுக் குறிப்பேட்டுக்கு 5. மீதி 5, ஆளுக்கு மூன்று நிமிஷம் எதிரே உட்கார வைத்து, கட்டுரையில் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதற்கு. 60 பேருக்கு மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். இந்தக் கேள்வி வரப்போகிறது என்று பருவத்தின் முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.